மூஞ்சிக்கும் உண்டு தேய்மானம்!

போன மாதம் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது கையில் கட்டு. "ஷேவ் பண்ணி விடுடா" என்று முகத்தை நீட்டினார். இடது கன்னத்தில் ரேஸர் வழுக்கிக்கொண்டு போனது. வலது கன்னத்துக்கு வந்தால், மேடு பள்ளம், ஸ்பீட் பிரேக்கர்!

"என்னப்பா, இந்தப் பக்கம் மட்டும் இத்தனை சுருக்கம்?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேனே... டிரைவர் சீட்டு வலது பக்கம்டா. ஜன்னல் வெயில் பூரா இந்தக் கன்னத்துலதானே விழும்!"

ஜோக் அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால் நிஜம்! அமெரிக்காவில் 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் போட்டோவை 2012-ல் ஒரு மருத்துவப் பத்திரிகை வெளியிட்டது. ஒரே முகத்தில் இரண்டு வயசு! அங்கே டிரைவருக்கு ஜன்னல் இடது பக்கம். அதனால் இடது கன்னம் மட்டும் தாத்தாவுக்கும் தாத்தா!

காரணம், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள். அதில் 'பி' ரகம் தோலைச் சுட்டுப் பொசுக்கும். அதைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். 'ஏ' ரகம் சாது மாதிரி. சுடாது, வலிக்காது. கண்ணாடியைத் தாண்டி வந்து, தோலின் ஆழத்தில் உட்கார்ந்து சுருக்கம் போடும். ஆபீஸில் சண்டை போட்டு ஜன்னலோர சீட் வாங்கியிருக்கிறீர்களா பிரதர்? உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் இதற்குப் பெயர் தேய்மானம். நமது மூஞ்சி ஒரு சொத்து (சரி, சுமாரான சொத்து!). தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கணக்கு எழுதாததால் நமக்குத் தெரிவதில்லை.

"நாமதான் ஏற்கெனவே கறுப்பாச்சே, நமக்கெதுக்கு ஸன்ஸ்க்ரீன்?" என்று நானும் கேட்டவன்தான். கறுப்புத் தோலில் உள்ள மெலனின் ஓரளவுக்குக் காப்பாற்றும், வாஸ்தவம். ஆனால், மங்கும் கரும்புள்ளியும் நம் நிறத்துக்காரர்களுக்குத்தான் சுலபமாக வரும். வந்தால் லேசில் போகாது. இன்னொன்று, இது சிவப்பாக்கும் க்ரீம் அல்ல. இருப்பதைக் காப்பாற்றும் க்ரீம்!

முதல் நாள் பூசிக்கொண்டு ஆபீஸ் போனேன். "என்ன ஸார், விபூதியை மூஞ்சி பூரா பூசிட்டீங்க?" என்றார் பக்கத்து சீட்காரர். வெட்கப்பட்டு, மறுநாள் கடுகளவு பூசினேன். அதுதான் தப்பு! முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகக் கோடு இழுக்கிற அளவு வேண்டும். ட்யூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். 30 என்பது தாராளமாகப் பூசினால்தான் 30. கஞ்சத்தனம் பண்ணினால் அதுவும் கஞ்சத்தனம் பண்ணும். 'ஏ' ரகத்துக்கும் காப்பு உண்டா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். வெள்ளையாகத் திட்டுத் தெரியாத ஜெல் ரகங்களும் கிடைக்கின்றன. ஷேவ் பண்ணி, முகம் கழுவி, கிளம்பக் கால் மணி நேரம் முன்னால் பூசிவிடுங்கள். காது, புறங்கையை மறக்க வேண்டாம். வெயிலிலேயே அலையும் உத்தியோகம் என்றால் இரண்டு மணிக்கொரு தரம்.

"மே மாசம் மட்டும் போட்டாப் போதாதா?" போதாது! ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 1992-லிருந்து 1996 வரை ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு கோஷ்டி தினமும் பூச வேண்டும், இன்னொரு கோஷ்டி இஷ்டப்பட்டால் பூசலாம். 2013-ல் வந்த முடிவு: தினமும் பூசியவர்களின் புறங்கைத் தோலில், நாலரை வருஷத்தில் சொல்லும்படியான முதுமையே கூடவில்லை. பல் தேய்ப்பது மாதிரிதான். தீபாவளிக்கு மட்டும் தேய்த்தால் பல் நிற்குமா?

செலவு? நான் வாங்கிய 50 கிராம் ட்யூப் 400 ரூபாய். நாற்பது நாள் வருகிறது. தினம் பத்து ரூபாய். ஒரு டீயைவிடக் குறைச்சல்!

ஆனால், அன்று அப்பாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தபோது ரூபாய்க் கணக்கு தோன்றவில்லை. எனக்கு ஸ்கூல் பீஸ், காலேஜ் பீஸ் எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்திருக்கிறது. மறுநாள் அவருக்கும் ஒரு ட்யூப் வாங்கி வந்து நீட்டினேன்.

"எனக்கெதுக்குடா? வண்டிதான் டெப்போவுக்குப் போயாச்சே!" என்று சிரித்தார்.

இரண்டே வாரத்தில் ட்யூப் காலி!

"என்னப்பா, இரண்டு விரல்தானே சொன்னேன்?"

"இடது பக்கத்துக்கு ஒரு விரல்தான் போட்டேன். வலது பக்கத்துக்கு மூணு விரல். முப்பது வருஷ பாக்கி இருக்கில்லே?" என்றார்.