வாலையில் வடிவது

மயிலாப்பூரில் நான் இரசாயனம் கற்பித்த நாளில் மாணவர் ஒருவர், "ஓட்கா என்பது என்ன, ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கோ அது நல்ல கேள்வியாகவே பட்டது.

ருஷ்ய மொழியில் நீரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அங்கே தானியத்தையும் உருளைக்கிழங்கையும் புளிக்க வைப்பர். நம் நாட்டில் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகும் உண்டு. அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாராயமாக்குகிறது. சாராயம் 78 பாகையில் கொதிக்கும், நீர் 100 பாகையில். ஆகவே வாலையிலிட்டுக் காய்ச்சினால் சாராய ஆவி முந்துகிறது. ஆயினும் எத்தனை முறை வடித்தாலும் எடையில் நூற்றுக்கு 95.6 பங்குக்கு மேல் ஏறுவதில்லை; எஞ்சிய நீர் அதனோடு சேர்ந்தே ஆவியாகிவிடும். பின்னர்க் கரியினூடே வடிகட்டி, நீர் சேர்த்து ஏறக்குறைய 40 பங்குக்கு இறக்குவர். பாதிக்கு மேல் நீராதலால் அந்நீரின் உப்புகளும் சுவையில் தலையிடும். உவர்க் கிணற்று நீரைக் குடித்துப் பழகிய சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டுமா?

நேயர்களே, மெதனால் என்றொரு மரச்சாராயம் உண்டு. அது 65 பாகையிலேயே கொதிக்கும். உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் கொள்ளும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டது மெதனால் கலந்த சாராயத்தினால்தான்.

அன்று நான் மேசைமீது இரண்டு சாராயங்களையும் இரு குப்பிகளில் வைத்து, பார்வையால் பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். ஒருவராலும் இயலவில்லை.