கைக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்!

தொழிற்பயிற்சி ஆசிரியருக்கு இரண்டு தொழில்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அவர் கற்ற தொழில். மற்றொன்று, அதைக் கற்பிக்கும் தொழில். முதலாவதில் சூரர்களாக இருக்கும் பலர் இரண்டாவதில் தடுமாறுகிறார்கள். அதனால் நஷ்டம் அவர்களுக்கு அல்ல. அவர்களை நம்பிப் பட்டறைக்கு வந்த பிள்ளைகளுக்குத்தான்!

கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது கூடலூர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பையனுக்கு இங்கே கண்ணெதிரே தெரிவது என்ன? வயல், தென்னந்தோப்பு, திராட்சைத் தோட்டம், மலைக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட். கைத்தொழில் ஒன்று வேண்டுமானால் சுமார் 50 கிலோ மீட்டர் பஸ்ஸில் போய், தேனி அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரலாம். பிட்டர், எலெக்ட்ரீஷியன் படிப்புக்கு 2 ஆண்டு. அந்த 2 ஆண்டில் தொழில் கையில் ஏறியதா, இல்லையா? அவன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

அணை கட்டியவர் ஆசிரியர் ஆனார்

கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபம் உண்டு. 2013-ல் திறக்கப்பட்டது. 1887 முதல் 1895 வரை பாடுபட்டு முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய என்ஜினீயர் அவர் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். அணை முடிந்தபின் அவர் வகித்த பதவி பலருக்குத் தெரியாது. இந்தியாவில் வேலை பார்க்கும் என்ஜினீயர்களை உருவாக்க இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் ஒரு கல்லூரி இருந்தது. 1896 முதல் 1899 வரை அதற்குத் தலைவராக இருந்தவர் பென்னிகுக்தான்!

தொழிலைச் செய்து பார்த்தவரே அதைக் கற்பிக்கும் இடத்திற்கு வர வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் அனுபவம் மட்டும் போதுமா? போதாது. தனக்குத் தெரிந்ததைப் பிறர் கைக்கு மாற்றுவது தனிக் கலை.

நாலு படிகள்

அந்தக் கலைக்கு ஒரு வழி வகுத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் ஆலன். முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் துறைகளுக்கு அவசரமாக ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்குக் கற்றுக் கொடுப்பவர்களைப் பழக்கியவர் ஆலன். தம் முறையை 1919-ல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

அவர் சொன்ன படிகள் நான்கு. முதலில் மாணவன் மனதைத் தயார் செய்ய வேண்டும். பிறகு செய்து காட்ட வேண்டும். அடுத்து அவனையே செய்ய விட வேண்டும். கடைசியில் துணையின்றிச் செய்கிறானா என்று சோதிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த முறையை 10 மணி நேரப் பயிற்சியாகச் சுருக்கி, அமெரிக்கத் தொழிற்சாலை மேஸ்திரிகளுக்குக் கற்பித்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்கும் போயிற்று.

நம் நாட்டிலும் தொழிற்பயிற்சி ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு பாடம்

இந்த நாலு படியை விளங்கிக்கொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. கூடலூர் திராட்சைப் பந்தலின் கீழ் நின்றாலே போதும்!

கவாத்துக் கற்க வந்தவனிடம் கத்தரியைக் கொடுத்து, "வெட்டு" என்றால் பந்தல் பாழாகிவிடும். ஏன் வெட்டுகிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மெலிந்த கொடியை ஒன்றிரண்டு கணு விட்டு நறுக்கினால் அது வளர்ந்து தேறும். காய்ப்புக்கு விட வேண்டியது நன்றாக முற்றிய கொடியை. இரண்டையும் தொட்டுப் பார்க்கச் செய்து, பக்கத்தில் நின்று வெட்டிக் காட்ட வேண்டும். பிறகு அவன் வெட்டட்டும். வெட்டும்போதே, "இந்தக் கொடியை ஏன் இந்த இடத்தில் வெட்டினாய்?" என்று கேட்க வேண்டும். கடைசியில் ஒரு வரிசையை அவனிடமே ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

பட்டறையிலும் இதே கதைதான். அரம் பிடிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் எதிரே நின்று காட்டினால், மாணவனுக்கு வலது இடதாகத் தெரியும். பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். ஒருமுறை வேகமாகச் செய்து காட்டுவது வித்தை காட்டுவது ஆகும், பாடம் ஆகாது! மறுபடி மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் நிற்காது.

மாணவன் தவறு செய்தவுடன் அரத்தைப் பிடுங்கித் தானே தேய்த்துக் கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. இரும்பு சரியாகிவிடும், பையன் சரியாக மாட்டான். "எங்கே கோணியது? நீயே மூலைமட்டம் வைத்துப் பார்" என்றால், தன் வேலையைத் தானே எடைபோடும் பழக்கம் வரும். அதுதான் தொழிலாளியின் மூலதனம். ஆனால் மின்சாரம், வெல்டிங் போன்றவற்றில் ஆபத்தான தவறுக்கு இடம் கொடுக்கக் கூடாது. அங்கே பாதுகாப்புதான் முதல் பாடம்.

ஜி.டி.நாயுடுவின் வாதம்

பள்ளிப் படிப்பில் மனம் செல்லாத ஜி.டி.நாயுடு, பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதைக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தே இயந்திரத்தைப் படித்தார்! அவர் முயற்சியால் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் எழுந்தது. பொறியியல் கல்லூரியும் வந்தது. 4 ஆண்டுப் படிப்பு காலவிரயம், முறையாகக் கற்பித்தால் குறைந்த காலமே போதும் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

எத்தனை ஆண்டு என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது: வகுப்பில் கழிந்த காலத்தில் மாணவன் கை எவ்வளவு நேரம் வேலை செய்தது?

பாடத்தை முடித்துவிட்டேன் என்று ஆசிரியர் சொல்வது எளிது. மாணவன் தனியாக ஒரு வேலையை எடுத்து, அளவு பிசகாமல் முடித்து, அது ஏன் சரி என்றும் சொல்லட்டும். அன்றுதான் பாடம் முடிந்தது. பள்ளியில் தோற்று, இதையும் விட்டால் வேறு வழியில்லை என்று வருகிற பையன் அவன். அவனை இரண்டாம் முறை தோற்க விடாதவரே நல்ல வாத்தியார்.