டெக் டிக்கெட்டில் பினாங்குக்கு

திருப்பனந்தாள் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் காசி மடமும் அருணஜடேசுவரர் கோயிலும்தான் நினைவுக்கு வரும். குமரகுருபரர் வழிவந்த அந்த மடம் இந்த ஊரைக் கங்கைக்கரையோடு இணைத்தது. இதே காவிரிக்கரை ஊர்களிலிருந்து ஏராளமானோர் கிழக்கே மலாயாவுக்கும் போனார்கள். ஆடுதுறையில் ரயிலேறி, மாயவரம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம், அங்கிருந்து கப்பல். அவர்கள் கடலில் கழித்த நாட்களைப் பற்றி நாம் எழுதி வைத்தது மிகக் குறைவு. எனக்கு அது பெரிய குறை.

இந்தத் தடத்தில் தமிழர்கள் நாவில் அதிகம் புழங்கிய பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926-ல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நடுவே உலகப்போர் வந்தபோது ராணுவத்தைச் சுமந்தது. ஆரம்பத்தில் 5,000-க்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. கேபினில் போனவர்கள் சொற்பம்.

நாகையில் கப்பல் கரையைத் தொடாது. ஆழம் போதாததால் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையோடு போகும் பெண்ணுக்குப் பயணத்திலேயே கடினமான கட்டம் இதுதான்.

டெக் டிக்கெட் என்றால் கட்டில் கிடையாது. பாயோ ஜமுக்காளமோ விரித்த இடம்தான் வீடு. தலைமாட்டில் பெயர் எழுதிய ட்ரங்குப் பெட்டி, பக்கத்தில் கூஜா, நார்த்தங்காய் ஊறுகாய். முதல் இரண்டு நாள் பலருக்குச் சோறு இறங்காது; குமட்டலும் தலைசுற்றலும் ஆளைப் போட்டுவிடும். ஊறுகாயை நாக்கில் தடவிக்கொண்டு படுத்தே கிடப்பார்கள். ஐப்பசி, கார்த்திகைப் பயணம் என்றால் இன்னும் மோசம். உடம்பு கடலுக்குப் பழகிய பிறகுதான் பேச்சும் சீட்டாட்டமும் பாட்டும் களைகட்டும்.

ஊரில் தெருத்தெருவாகப் பிரிந்து கிடந்தவர்கள் இங்கே பாயோடு பாய் ஒட்டிப் படுத்தார்கள். சாதி கடலில் கரைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மலாயாத் தோட்டத்து லயன் வீடுகள் வரை அதுவும் கூடவே போய் இறங்கியது. ஆனால் அந்தச் சில நாள் நெருக்கம் பலருக்கு வாழ்க்கையில் முதல் அனுபவம்.

அக்கரை தெரிந்தாலும் உடனே இறங்கிவிட முடியாது. அம்மை, காலரா பயத்தில் டெக் பயணிகளைத் தனிமை முகாமில் வைப்பார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு. பணம் கொடுத்துக் கேபினில் வந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி குறைவு. நோய் டிக்கெட் பார்த்தா தொற்றும்? அப்பட்டமான அநீதி அது.

ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்ததில் பல உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்து முடிந்தது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள்; அது சில மணி நேரப் பயணம்.

ரஜூலாவில் வந்த குழந்தைகளுக்கே இன்று அறுபது, எழுபது வயதாகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், யாரோடு பேசினீர்கள்? சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். பரணில் பழைய பாஸ்போர்ட்டோ டிக்கெட்டோ கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.