சுவிட்ச் கொழும்பில், மெயின் லண்டனில்!



ஒரு காலனிக்குத் தன்னாட்சி கொடுத்தாச்சு என்றால் ஆண்டவன் போய்விட்டானா, இருக்கிறானா? இந்தச் சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. விடைக்கு வெகுதூரம் போக வேண்டாம். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் இருக்கிற இலங்கையே போதும். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓட்டியதும் அந்தக் கொழும்பு வழியில்தான். நம்ம நெல்லைச் சீமையிலிருந்து கடை வைக்கப் போனவர்களும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும் உண்டு.

1931-ல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. 21 வயதான ஆண், பெண் இருவருக்கும் வாக்கு! இங்கிலாந்திலேயே பெண்களுக்குச் சம வாக்குரிமை 1928-ல்தான். ஆனால் இந்தியத் தொழிலாளர் மட்டும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும். உள்ளூர் மந்திரிகள் ஏழு பேர். நிதி, சட்டம், பாதுகாப்பு, வெளியுறவு மட்டும் மூன்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கையில். அவர்களுக்கு மேலே கவர்னர். நம்ம லேப் மாதிரிதான்: சுவிட்சைப் போடுவது நாம், மெயின் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில்.

1948 பிப்ரவரி 4-ல் இலங்கை டொமினியன் ஆனது. அப்போதும் முடி லண்டனில். கடைசி அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலில். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 வரை பிரிட்டனிடம்.

போகும்போது பிரிட்டன் ஒரு ஃபியூஸ் வைத்துவிட்டுப் போனது. ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டம் செல்லாது என்பது 29-வது பிரிவு. அதே 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. அப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது, அவ்வளவுதான். லயத்தில் பிறந்த கூலிக்காரன் அத்தாட்சிக்கு எங்கே போவான்? பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1949-ல் வாக்கும் போனது.

கோடகன் பிள்ளை என்ற வாக்காளர் லண்டன் வரை வழக்காடினார். யார் குடிமகன் என்று தீர்மானிப்பது அந்த நாட்டின் உரிமை, சட்டம் செல்லும் என்று 1953-ல் தீர்ப்பானது. எரிய வேண்டிய நேரத்தில் ஃபியூஸ் எரியவில்லை!

1964-ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கு இலங்கை முழுக் குடியுரிமை கொடுத்தது 2003-ல்.

ஆகவே நண்பர்களே, அதிகாரம் கை மாறும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மெயின் யார் கையில்? பட்டியலில் யார் பேர் இல்லை? 18 வயது முடிந்தவர்கள், வாக்காளர் பட்டியலில் உங்க பேர் இருக்கான்னு முதல்ல பாத்துக்கோங்க!