புகையூருக்கு ஒரு நீதிமன்றம்

பட்டப்பகலிலும் தெருவிளக்கு எரிய வேண்டிய ஊராக ஒரு காலத்தில் இருந்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். நிலக்கரியும் எஃகும் அந்த ஊருக்குச் சோறு போட்டன. புகையையும் கரியையும் கொட்டின. அங்கிருந்த அலெகனி கவுண்டி நீதிமன்றம் 1882-இல் தீக்கிரையானது. புதியதைக் கட்ட ஐந்து கட்டடக் கலைஞர்களிடம் வரைபடம் கேட்டார்கள். 1884-இல் வேலை ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்தது. லூசியானாவில் பிறந்து பாரிஸில் பயின்றவர். பாஸ்டன் டிரினிட்டி தேவாலயத்தால் அதற்குள் பெயர் பெற்றிருந்தவர்.

கட்டடத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்கும் 249 அடிக் கோபுரம் வெறும் கம்பீரத்துக்காக எழுப்பப்பட்டதல்ல. தெருமட்டத்தில் காற்றை எடுத்தால் கரித்தூளும் சேர்ந்து வரும். எனவே கோபுர உச்சியில் காற்றை உள்வாங்கிக் கீழே கொண்டுவந்து, கட்டடம் முழுக்கச் சுற்றவிட்டு, பின்பக்கச் சிறு கோபுரங்கள் வழியே வெளியேற்ற ஏற்பாடு செய்தார் ரிச்சர்ட்சன். நடுவில் திறந்த முற்றம். நம் முற்றத்து வீடுகளைப் போல வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகவும் அறைகளுக்கு வரும்.

சுவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டிலிருந்து வந்த இளஞ்சிவப்புக் கிரானைட். இழைத்து வழவழப்பாக்காமல், உடைத்த பாறையின் சொரசொரப்போடே அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே பெரிய படிக்கட்டில் நின்று அண்ணாந்தால், குட்டைத் தூண்கள் தாங்கும் அரைவட்ட வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறுகின்றன. அலங்காரம் குறைவு, கல்லின் கனமே அழகு.

நீதிமன்றத்தோடு சிறையையும் அவரே வடிவமைத்தார். இரண்டுக்கும் நடுவே ராஸ் தெருவைத் தாண்டிச் செல்லும் மூடிய கல்பாலத்துக்கு, வெனிஸ் நகரப் பாலத்தின் நினைவாக ‘பெருமூச்சுப் பாலம்’ என்று பெயர். அன்று கைதிகள் தெருவில் இறங்காமலே கூண்டேறினார்கள். இத்தனை கட்டுக்காவலையும் மீறி, 1902-இல் பிடில் சகோதரர்கள் என்ற இரு கைதிகள் தப்பினார்கள். துணை நின்றவர் சிறைத் தலைமை அதிகாரியின் மனைவி கேட் சோஃபல்! அவரும் கூடவே ஓடினார். துரத்திப் பிடித்தபோது பட்ட குண்டுக்காயங்களால் சகோதரர்கள் இறந்தார்கள். கேட் சிறை சென்றார். 1984-இல் ‘மிசஸ் சோஃபல்’ என்று திரைப்படமாகவும் வந்த கதை இது.

நீதிமன்றம் முழுமையடைந்ததைப் பார்க்க ரிச்சர்ட்சனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. சிறுநீரக நோயால் 1886-இல், 47 வயதில் காலமானார். அவருடைய அலுவலகத்தின் வாரிசுகள் 1888-இல் வேலையை முடித்தார்கள். டொராண்டோ, மினியாபொலிஸ் நகர மண்டபங்களில் இதன் சாயலை இன்றும் காணலாம்.

புகைக்கு வழி செய்தவரால் தெருவுக்கு வழி செய்ய முடியவில்லை. 1910-களில் நீதிமன்றத்தின் முன்னாலிருந்த கிராண்ட் தெருவின் மேட்டை வெட்டித் தாழ்த்தியபோது, ரிச்சர்ட்சன் அமைத்த வாசல் ஏறக்குறைய 15 அடி உயரத்தில் தொங்கியது. படிகள் கட்டிப் பார்த்தார்கள். பிறகு தெருவை அகலப்படுத்த அவற்றையும் இடித்தார்கள். இன்று மக்கள் நுழைவது அன்றைய அடித்தளத்தின் வழியாகத்தான்.

இந்த நீதிமன்றத்தையும் சிகாகோவில் கட்டிய மார்ஷல் ஃபீல்டு மொத்த வணிகக் கட்டடத்தையும்தான் தன் திறமைக்குச் சாட்சியாக ரிச்சர்ட்சன் கருதினார். சிகாகோ கட்டடம் 1930-இல் இடிபட்டது. பிட்ஸ்பர்க் கட்டடம் பிழைத்ததற்கு, அதை யாரும் சும்மா விட்டுவைக்காததே காரணம். 1995-இல் மூடிய சிறை, 2000-இல் குடும்ப நீதிமன்றமாகத் திறந்தது. பழைய கட்டடத்தைக் காக்கச் சிறந்த வழி அதற்கு வேலை கொடுப்பதுதான்.

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்குப் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். அதுவும் இதே அலெகனி கவுண்டியில்தான் இருக்கிறது. அடுத்த முறை பெருமாளைச் சேவித்த பிறகு, கிராண்ட் தெருவுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.