ஆடுவது பல்லா, அஸ்திவாரமா?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் கிரிவலம் 14 கிலோமீட்டர் ஆயிற்றே! பாதி வழியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெரியவரிடம் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினேன்.

"ஆயுசெல்லாம் கடலை விதைச்சவன்தான், தம்பி. கடிக்கத்தான் பல் இல்லே" என்று சிரித்தார். "சொத்தை ஒண்ணுகூட கிடையாது. தானா ஆடி விழுந்திடுச்சு!"

பழுது பல்லில் அல்ல; அதைத் தாங்கும் ஈறிலும் எலும்பிலும்தான். பல்லில் தினமும் படியும் அழுக்கை நீக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிறது. கிருமிகளால் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. நாளடைவில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலியே தெரியாது! நீரிழிவும் புகையிலையும் இந்த நோய்க்கு உற்ற தோழர்கள்.

"டாக்டரிடம் காட்டவில்லையா?"

"காரையைச் சுரண்டினா பல் ஆடும்னாங்களே, தம்பி!"

இந்தப் பேச்சுக்கு எத்தனை பற்கள் பலியோ! எலும்பு கரைந்த பல்லுக்குக் காரை வெறும் முட்டுக்கட்டை. அதை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் தெரிகிறது; அவ்வளவுதான். ரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதை நிறுத்துவதும் தவறு. மெதுவாக, ஈறோரம்வரை துலக்கத்தான் வேண்டும். ஈறு வீக்கத்தோடு இருக்கும்போதே வைத்தியம் பார்த்தால் குணமாகிவிடும். கரைந்த எலும்போ தானாக வளராது.

பெரியவர் யோசித்தார். "எம் மகனுக்கும் பல் விளக்கினா ரத்தம் வருதாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்" என்று எழுந்தார்.

கடலைப் பொட்டலத்தை மடித்து அவர் கையில் வைத்தேன். மகனாவது கடித்துச் சாப்பிடட்டும்!