கேபினட்டைத் தொட்டால் 'சுர்'ரென்கிறதா?

என் சித்தப்பா வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த இரண்டாம் நாளே போன் வந்தது. "கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குதுப்பா. பக்கத்துல ரேடியோ வச்சா ஒரே இரைச்சல். கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

போய் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். மங்கலாக எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் பழுது எதுவும் இல்லை.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்., 230 வோல்ட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் 12, 5, 3.3 வோல்ட்டாகத் தருகிறது. இந்த வெட்டலில் எழும் இரைச்சல் மீடியம் வேவ் ரேடியோ வரை எட்டும். அது ஒயர் வழியே வெளியேறாமல் இருக்க, பவர் கார்டு நுழையும் இடத்திலேயே கெபாசிட்டர்களை வைக்கிறார்கள். ஃபேஸிலிருந்து கேபினட்டுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து கேபினட்டுக்கு ஒன்று. இவற்றுக்கு 'ஒய்' கெபாசிட்டர் என்று பெயர். ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களின் உலோகப் பெட்டியிலும் இதே உத்திதான். ஒயர் சுவரைத் துளைக்கும் இடத்திலேயே கெபாசிட்டரைப் பதிப்பார்கள். தள்ளி வைத்தால் இடையிலுள்ள ஒயரே ஆன்டெனா ஆகிவிடும்!

2200 பைக்கோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, 1 மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்குக் காட்டும் தடை சுமார் 72 ஓம்தான். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கோ 14 லட்சம் ஓமுக்கு மேல். ஆக, இரைச்சல் கேபினட் வழியாக எர்த்துக்குப் போய்விடும். மின்சாரம் மிகச் சிறிதளவே கசியும்.

எர்த் இல்லாவிட்டால்? இரண்டு கெபாசிட்டர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கேபினட்டில் பாதி மின்னழுத்தம், அதாவது சுமார் 115 வோல்ட் நிற்கும். நீங்கள் தொட்டால் அந்தக் கசிவு உங்கள் விரல் வழியே போகும். அதுதான் 'சுர்'. இது மில்லி ஆம்பியரில் ஒரு பங்குதான். ஆனால் நாளை உள்ளே ஒரு ஒயர் உரிந்து கேபினட்டைத் தொட்டால், ஃப்யூஸ் போக வழியே இருக்காது. முழு 230 வோல்ட்டும் உங்களுக்குத்தான்.

பிளக்கை எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிடுங்கி நேரே சுவர் சாக்கெட்டில் செருகினேன். 'சுர்' போய்விட்டது. பாக்ஸைக் கழற்றினால், மூன்றாவது துளைக்கு ஒயரே கொடுக்கவில்லை!

உங்கள் வீட்டில் சுவர் சாக்கெட்டிலும் இப்படியென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த்தை நியூட்ரலோடு முறுக்கிவிடும் குறுக்கு வழிக்குச் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினட்டே ஃபேஸ் ஆகிவிடும். செருப்புப் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லும் நிபுணர்களையும் நம்ப வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

சித்தப்பாவின் ரேடியோ இரைச்சலும் வெகுவாகக் குறைந்தது. மிச்சத்துக்கு, ரேடியோவை மேஜையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தோம்.